விழுந்த கணனி எழும்புமா?

ஒரு விவசாயச் சங்கத்தை எண்ணிக்கொள்வோம். மல்லாவியிலிருந்து மாங்குளம் போகும் வீதியில், லான்ட்மாஸ்டர் பெட்டியில் பசளை மூட்டைகளோடு சங்கத்துக் கணனியும் வருகிறது. பள்ளத்தில் சில்லு இறங்க, கணனி மூட்டைக்கு மேலிருந்து வீதியில் விழுகிறது. வீட்டில் வைத்து ஆளியை அழுத்தினால் சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை.

"தம்பி, இது முடிஞ்சுது. பழைய இரும்புக்காரனிட்டைக் குடுத்துவிடு" என்கிறார் பெரியவர் ஒருவர்.

"பொறுங்கோ ஐயா, எங்கட மூண்டு வருசக் கணக்கும் அதுக்குள்ளதான் கிடக்குது" என்கிறார் சங்கச் செயலாளரான பெண்.

விதைநெல் கடன் யாருக்கு எவ்வளவு, பசளைப் பணம் யார் கட்டினார், எந்தக் காணியின் அனுமதிப்பத்திரப் பிரதி எங்கே என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. ஆகவே பெட்டி எழும்புமா என்று கேட்கும்போதே, அதற்குள் இருப்பது தப்புமா என்றும் நாம் கேட்க வேண்டும். இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பதே இப்பாடத்தின் சாரம்.

பத்திரத்தை இழப்பது என்னவென்று வன்னி மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் புறப்பட்டவர்களில் பலர் பிறகு வன்னிக்கு வந்தார்கள். 1996இல் கிளிநொச்சியை விட்டு வந்தவர்களையும் மல்லாவி தாங்கியது. 2008இல் மல்லாவி மக்களே வீடு வளவை விட்டுக் கிழக்கே நடந்தார்கள். அந்த நவம்பரில் நிஷா புயலின் மழை தறப்பாளுக்குள்ளும் புகுந்தது. 2009 ஒக்டோபருக்குப் பின்னர் துணுக்காய்ப் பகுதிக்குத் திரும்பியபோது, காணி இருந்தும் கையில் கடதாசி இல்லாமல் நின்றவர்கள் நம்மில் உண்டு.

1. நீர்ப்பம்பி கற்றுத்தந்த பாடம்

தோட்டத்துப் பம்பி இயங்காவிட்டால் நாம் உடனே பிஸ்டனைக் கழற்றுவதில்லை. தாங்கியில் எண்ணெய் உண்டா, குழாய் திறந்திருக்கிறதா, பிளக்கில் பொறி வருகிறதா என்று ஒழுங்காகப் பார்ப்போம். தொண்ணூறுகளில் பெற்றோல் வன்னிக்கு வராத காலத்தில், சில துளி பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓடவிட்டவர்கள் இந்த ஒழுங்கை நன்கு அறிவார்கள். கணனிக்கும் அதே ஒழுங்குதான்: வெளியிலிருந்து உள்ளே, இலகுவானதிலிருந்து கடினமானதற்கு, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்.

2. செய்யக்கூடாதவை

விழுந்த கணனியை உடனே மின்சாரத்தில் கொழுவக்கூடாது. உள்ளே கழன்ற திருகாணி ஒன்று தாய்ப்பலகையில் கிடந்தால், விழுந்தபோது தப்பியது மின்சாரத்தில் எரிந்துவிடும்.

மின்வழங்கிப் பெட்டியை ஒருபோதும் திறக்கக்கூடாது. நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. அந்தப் பெட்டிக்குள் உள்ள கொள்ளளவிகளில் ஏறத்தாழ 325 வோல்ற்று வரை தேங்கும். வயரைக் கழற்றிய பின்பும் சிறிது நேரம் அது அங்கே நிற்கும், உயிரைப் பறிக்கக்கூடியது.

நனைந்திருந்தால் அடுப்பருகில் வைத்துக் காயவைக்கலாகாது. மூடியைக் கழற்றி, நிழலில், காற்றோட்டமான இடத்தில் சில நாட்கள் விடவேண்டும். வெள்ளச் சேறு உள்ளே போயிருந்தால் பழக்கமுள்ளவரிடம் கொடுப்பதே நல்லது.

3. வெளியே பார்ப்போம்

சுவர்ச் செருகியில் மின்சாரம் உண்டா? அதே செருகியில் ஒரு மின்விளக்கைக் கொழுவிப் பாருங்கள். கணனிக்கு வரும் வயர் விழுந்த வேகத்தில் முறிந்திருக்கலாம். அதே வகையான வேறு வயரை எடுத்துவையுங்கள். கணனியின் பின்புறம், வயர் செருகும் இடத்துக்கு அருகே சிறிய ஆளி ஒன்று இருக்கும். அது அடிபட்டு அணைந்திருக்கலாம். பழைய கணனிகளில் 115, 230 என்று எழுதிய சிவப்பு ஆளியும் உண்டு. அது 115 பக்கம் தள்ளுப்பட்டிருந்தால், நமது மின்சாரத்தில் போட்டவுடன் மின்வழங்கி வெடித்துவிடும். 230இல் நிற்பதை உறுதிசெய்யுங்கள்.

பிறகு, தேங்காயை ஆட்டிப் பார்ப்பது போலல்லாமல், பெட்டியை மெதுவாகச் சரித்துக் கேளுங்கள். எதுவும் உருளும் சத்தம் கேட்டால் அதை வெளியே எடுக்கும்வரை மின்சாரம் வேண்டாம்.

4. உள்ளே பார்ப்போம்

சுவரிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, முன்புற ஆளியைச் சில முறை அழுத்துங்கள். தேங்கிய மின்னில் ஒரு பங்கு இறங்கிவிடும். பக்க மூடியைத் திறந்து, எதையும் தொடுமுன் பெட்டியின் பூச்சில்லாத இரும்பை விரலால் தொடுங்கள். நம் உடலில் சேர்ந்த நிலைமின் நுண்ணிய பாகங்களைக் கெடுக்கும். காய்ந்த கோடையில் இது அதிகம்.

இப்போது நான்கு இடங்களைப் பாருங்கள்.

(அ) மின்வழங்கியிலிருந்து தாய்ப்பலகைக்கு வரும் அகன்ற இணைப்பும், அதைவிடச் சிறிய சதுர இணைப்பும் இறுக இருக்கின்றனவா? கழற்றித் திரும்ப அழுத்துங்கள்.

(ஆ) நினைவகத் தகடு. இரு பக்கப் பூட்டுகளையும் விலக்கி வெளியே எடுத்து, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து, பூட்டுகள் 'டிக்' என்று விழும்வரை அழுத்திச் செருகுங்கள்.

(இ) செயலியின் மேலுள்ள வெப்பம் கடத்தும் உலோகமும் விசிறியும். இது பாரமானது. ஆகவே விழும்போது இது கழன்றுபோகலாம். அசைந்தால் கொழுக்கிகளை மீளப் பூட்டவேண்டும். முற்றாகக் கழன்றிருந்தால் பழைய பசையைத் துடைத்து, கணனிக் கடையில் விற்கும் வெப்பப் பசையைச் சிறிதளவு பூசியே பொருத்தவேண்டும். கிறீஸ் பூசக்கூடாது.

(ஈ) நாணயம் போன்ற 3 வோல்ற்றுப் பற்றறி. அது தெறித்திருந்தால் திரும்ப இடுங்கள். இது இல்லாததால் திகதி பிழைக்கும். பெரும்பாலும் கணனி நின்றுபோகாது.

பலகையிலே வெடிப்போ கருகல் மணமோ இருந்தால் மேலே தொடராமல் 6ஆம் பகுதிக்குச் செல்லுங்கள்.

5. குணத்தைக் கொண்டு நோயை அறிவோம்

எல்லாம் இறுக்கிய பின் மின்சாரம் கொடுத்துப் பாருங்கள்.

எந்த அசைவும் இல்லை: முன்புற ஆளி உடைந்திருக்கலாம். பல கணனிகளில் மீளத்தொடக்கும் சிறிய பொத்தான் ஒன்றும் உண்டு. மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, அந்தப் பொத்தானின் இரண்டு வயர்ச் செருகியை எடுத்து, முன்புற ஆளியின் செருகி இருந்த இடத்தில் மாட்டுங்கள். சிறிய பொத்தானை அழுத்தக் கணனி எழும்பினால், பிழை ஆளியில் மட்டுமே. எழும்பாவிட்டால், நன்றாக ஓடும் இன்னொரு கணனியின் பொருத்தமான மின்வழங்கியை மாற்றிப் பார்க்கவேண்டும்.

விசிறி ஒருதரம் அசைந்து நிற்கிறது: எங்கோ மின் குறுக்கோட்டம். தாய்ப்பலகைக்குக் கீழே திருகாணி கிடக்கலாம். அல்லது நெளிந்த பெட்டி பலகையைத் தொடலாம்.

சில நொடி ஓடி நிற்கிறது: வெப்பம் கடத்தும் உலோகம் செயலியில் படியவில்லை. மீண்டும் மீண்டும் முயலாதீர்கள்.

விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை: திரையின் வயரையும் நினைவகத்தையும் பாருங்கள். இரண்டு தகடு இருந்தால் ஒன்றை மட்டும் இட்டுப் பாருங்கள். தனியான படஅட்டை இருந்தால் அதைக் கழற்றிச் செருகுங்கள். கணனி எழுப்பும் 'பீப்' ஒலிகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றின் பொருள் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும், ஆனால் திருத்துபவருக்கு உதவும்.

இவற்றாலும் பிடிபடாவிட்டால், தாய்ப்பலகை, செயலி, ஒரு நினைவகத் தகடு, மின்வழங்கி ஆகியவற்றை மட்டும் விட்டு மற்றெல்லாவற்றையும் கழற்றுங்கள். எழும்பினால் ஒவ்வொன்றாகச் சேர்த்து வாருங்கள். ஒவ்வொரு முறையும் மின்சாரத்தைக் கழற்றிய பின்னரே. எதைச் சேர்த்தபோது நின்றதோ அதுவே குற்றவாளி.

6. வன்தட்டைக் காப்போம்

சங்கக் கணக்கு இருப்பது வன்தட்டில். கணனி எழும்பாவிட்டாலும் வன்தட்டு நலமாக இருக்கலாம். வெளிச்சுவர் இடிந்தாலும் கோர்க்காலிக்குள் நெல் இருப்பது போல.

சுழலும் வன்தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றும். அதன் வாசிக்கும் முனை தட்டைத் தொடாமல், தலைமயிரின் தடிப்பிலும் பல்லாயிரம் மடங்கு சிறிய இடைவெளியில் நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்ததே மிகக் கெட்ட விழுகை. அணைத்து வைத்தது விழுந்தால் தப்பும் வாய்ப்பு அதிகம்.

'டிக் டிக்' என்று திரும்பத் திரும்பத் தட்டும் ஒலியோ உராயும் ஒலியோ கேட்டால் உடனே அணையுங்கள். ஒவ்வொரு முறை ஓடவிடுவதும் தட்டைச் சுரண்டும். திறந்து பார்ப்பதும் குளிரூட்டியில் வைப்பதும் வேண்டாம். ஒலி இல்லாவிட்டால் அதைக் கழற்றி, இன்னொரு கணனியில் யூ.எஸ்.பி. இணைப்பியால் கொழுவி, கணக்கையும் பத்திரப் பிரதிகளையும் முதலில் பிரதி எடுங்கள். கணனியைத் திருத்தும் வேலை அதற்குப் பிறகுதான். திருத்துபவரிடம் கொடுக்கும்போதும், "வன்தட்டை அழிக்கவேண்டாம்" என்று எழுதிக் கொடுங்கள்.

7. இனி ஏற்றும்போது

கணனியை அணைத்து, வயர்களைக் கழற்றி, சாக்கிலும் பழைய துணியிலும் சுற்றி, பெட்டியின் தரையில் வைக்கோல் மேல் வையுங்கள். மூட்டைக்கு மேலே அல்ல. பாரமான படஅட்டையைத் தனியாகக் கழற்றி எடுத்துச் செல்லலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது: ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பது பிரதியே இல்லை. கணக்கை மாதம் ஒருமுறை பென்ட்றைவில் எடுத்து, வேறொரு அங்கத்தவர் வீட்டில் வையுங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள், அதன் இலக்கத்தைக் கொப்பியிலும் எழுதி, படமும் எடுத்து வையுங்கள். படம் மூலப்பத்திரம் ஆகாது. ஆனால் இலக்கம் கையில் இருந்தால் பிரதேச செயலகப் பதிவேட்டில் தேடுவது இலகு. மூலப்பத்திரத்தை இறுக்கமான பொலித்தீனில் இட்டு, எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய பைக்குள் வையுங்கள்.

கதைக்குத் திரும்புவோம். அந்தச் சங்கத்துக் கணனியில் முன்புற ஆளி உடைந்தும், நினைவகத் தகடு கழன்றும் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். பொருள் வாங்கும் செலவின்றி ஒரு மாலைப்பொழுதில் அது எழும்பும். பெரியவர் சொன்னபடி இரும்புக்குப் போயிருந்தால், மூன்று வருடக் கணக்கும் இரும்பு விலைக்குப் போயிருக்கும்.

கலந்துரையாடுவோம்

1. நமது சங்கத்தின் கணக்கு இன்று எத்தனை இடங்களில் இருக்கிறது?
2. இன்றிரவே புறப்பட நேர்ந்தால் நமது வீட்டில் எந்தப் பத்திரங்களை எடுப்போம்? அவை எங்கே இருக்கின்றன என்று வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?
3. ஊரில் கணனி திருத்தத் தெரிந்த பிள்ளைகள் யார்? பழைய கணனி ஒன்றை அவர்களிடம் கொடுத்து இப்பாடத்தைச் செய்து பார்க்கலாமா?