ஐயமாந்தர் படைப்பு: அடி அண்ணாமலையைக் களமாகக் கொண்ட ஒரு பயிற்சி

முன்னுரை

கதை கேட்பதும் கதை சொல்வதும் மனித இனத்தின் தொன்மையான வேட்கைகள். கேட்போரே கதைக்குள் புகுந்து, மாந்தராகப் பேசி நடந்து, கதையை வளர்க்கும் ஆட்டம் ஒன்று மேலைநாட்டில் தோன்றியது. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் உருவாக்கி வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அவ்வகையின் முன்னோடியாகும். இதில் ஒருவர் கதை நடத்துநராக அமர்வார். ஏனையோர் வீரன், மந்திரவாதி என ஆளுக்கொரு வேடம் ஏற்பர். அவர்கள் வழியில் சந்திக்கும் வணிகர், காவலர், வழிப்போக்கர் அனைவருக்கும் நடத்துநரே குரல் கொடுப்பார். அத்தகையோருள், நம்பலாமா கூடாதா என ஆட்டக்காரரைத் தயங்க வைக்கும் ஒருவரை நாம் 'ஐயமாந்தர்' எனக் குறிப்போம். அவரைப் படைக்கும் முறையைத் தமிழ் இலக்கியச் சான்றுகளால் அறிந்து, அடி அண்ணாமலையைக் களமாகக் கொண்டு ஒருவரைப் படைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எளிய வழியும் அதன் கேடும்

ஐயத்தை உண்டாக்க எளிய வழி, புறத்தோற்றத்தில் அடையாளம் இடுவதாகும். கன்னத்தில் ஒரு மரு, கழுத்தில் ஒரு கைக்குட்டை, இடுப்பில் கட்டம் போட்ட கைலி. இவற்றைக் கண்டவுடன் 'இவன் தீயவன்' என்று உணரத் திரைப்படம் நம்மைப் பழக்கியிருக்கிறது. மேற்கூறிய ஆட்டத்திலும் சில இனத்தார் பிறப்பாலேயே கொடியவர் என நெடுங்காலம் எழுதப்பட்டனர். அப்போக்கை மாற்றுவதாக அதன் வெளியீட்டாளர் 2020ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

இவ்வழியில் இரு கேடுகள் உள்ளன. ஒன்று, முதற்பார்வையிலேயே விடை தெரிந்துவிடுவதால் ஐயமே எழுவதில்லை. மற்றொன்று, கதையில் கற்ற வெறுப்பை மனிதன் தெருவிலும் காட்டத் தொடங்குகிறான். அதே உடையை உடுத்த, அதே தொழிலைச் செய்யும் குற்றமற்றவர் அதற்கு விலை கொடுக்க நேர்கிறது.

சிலம்பு காட்டும் பொற்கொல்லன்

சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையில் வரும் பொற்கொல்லன் இங்கு எண்ணத்தக்கவன். கைவினைஞர் நூற்றுவர் பின்தொடர, சட்டை அணிந்து, கையில் குறடு ஏந்தி அவன் வருகிறான். அரண்மனைத் தொழிலில் மதிப்புப் பெற்றவனாகவே கோவலன் கண்ணுக்குத் தோன்றுகிறான். அரசியின் சிலம்பைத் தான் கவர்ந்தது வெளிப்படுமுன் பழியை ஏற்க ஒருவன் வேண்டும் என்பதே அவனது தேவை. அத்தேவைக்கு ஏற்ற வாய்ப்பாகக் கோவலன் தானே வந்து நிற்கிறான். அச்சம், தேவை, வாய்ப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே வஞ்சம் உருவாகிறது என்பது இதனால் பெறப்படும்.

ஆயினும் இளங்கோவடிகள் அவனுக்குப் பெயர் தரவில்லை. தொழிலே அவன் பெயராக நிற்கிறது. அந்நூலின் உரைபெறு கட்டுரையோ, வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டதாகக் கூறுகிறது. ஒருவன் செய்த குற்றத்திற்கு அவன் தொழிலைச் செய்த ஆயிரவர் உயிரிழந்தனர்! குற்றத்தை ஆளின்மீது வைக்காமல் அடையாளத்தின்மீது வைப்பதன் முடிவு இதுவே.

முத்தநாதனும் தத்தனும்

அண்ணாமலைக்குத் தெற்கே, பெண்ணையாற்றங்கரையில் உள்ள திருக்கோவலூரைக் களமாகக் கொண்டது பெரியபுராணத்து மெய்ப்பொருள் நாயனார் வரலாறு. போரில் வெல்ல இயலாத முத்தநாதன் திருநீறு பூசி, ஏட்டுக்கட்டில் கத்தியை மறைத்து அரண்மனைக்குள் நுழைகிறான். சேக்கிழார் அந்த வேடத்தை இழித்துரைக்கவில்லை. மதிப்பிற்குரிய வேடமாதலால் அன்றோ அது அவனுக்குப் பயன்பட்டது! வாயிற்காவலன் தத்தன் மட்டும், அரசர் துயில்கிறார் எனக் கூறித் தடுக்கிறான். முத்தநாதனின் அவசரம் அத்தடையால் வெளிப்படுகிறது. நேரமல்லா நேரத்தில் நுழையத் துடிக்கும் செயலே ஐயத்திற்கு இடம் தருகிறது. கதையுள் ஒருவர் தடுத்து நிற்கும்போது கேட்போர் உள்ளத்திலும் ஐயம் பிறப்பதை நாம் உணரலாம்.

ஐயத்திற்குரியவர் அனைவரும் தீயவர் அல்லர் என்பதற்குக் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' சான்றாகும். 1950 முதல் 1954 வரை வெளிவந்த அத்தொடரில், கடம்பூர் மாளிகை மதில்மேல் இருளில் தலை காட்டும் ஆழ்வார்க்கடியானை வந்தியத்தேவன் ஐயுறுகிறான். அவரோ முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றர். நேரிய அம்பு கொல்வதையும் வளைந்த யாழ் இன்னிசை தருவதையும் காட்டி, செயலால் ஒருவரை அறியச் சொன்ன வள்ளுவரின் நெறியும் இதுவே.

அடி அண்ணாமலையில் ஒரு பயிற்சி

இனி நாம் ஒருவரைப் படைப்போம். ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில், மலையின் மேற்குப்புறம் அமைந்த சிற்றூர் அடி அண்ணாமலை. ஆதி அருணாசலேசுவரர் கோயில் இங்குள்ளது. கிழக்கே பெரிய கோயிலிலிருந்து புறப்பட்டவர் ஏறத்தாழப் பாதி வழி நடந்து கால் ஓயும் இடம் இது. களைத்தவர் எளிதில் நம்புவர். ஆதலின் களம் பொருத்தமானதே. காலத்தைக் கற்பனையான ஒரு மன்னராட்சிக் காலமாகக் கொள்வோம்.

முழுநிலா இரவு. பாதையோரத்தில் ஒரு முதியவர் பயணிகளுக்குத் தண்ணீர் தருகிறார். மூட்டைகளைக் காத்துத் தருவதாகவும் சொல்கிறார். உடையில் குறையில்லை, சொல்லில் இனிமை உண்டு. முதலில் அவர் தேவையை எழுதுக: அவர் மகன் கடனுக்காகக் கள்வர் கூட்டத்திடம் சிக்கியுள்ளான். எந்த மூட்டையில் பொன் உள்ளது என அவர் சொன்னால் மகன் மீள்வான். அடுத்து, காணத்தக்க குறிகள் இரண்டு தருக: முகத்தைப் பார்க்குமுன் மூட்டையைப் பார்க்கிறார், தனித்து வந்தவர் எவரெனக் கேட்கிறார். பின்னர் ஒரு நற்செயல் தருக: வழிதவறி அழும் குழந்தையைத் தாயிடம் சேர்க்கத் தம் இடத்தை விட்டு ஓடுகிறார்.

இறுதியாக, ஆட்டக்காரர் நம்பினால், வினவினால், பின்தொடர்ந்தால் அவர் என் செய்வார் என்பதைத் தனித்தனியே எழுதி வைத்தல் வேண்டும். பரிவோடு வினவினால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவார் என அமைப்பது நன்று. கேட்டறிந்தவருக்குப் பயன் கிட்டாவிடில், ஆட்டக்காரர் கேட்பதை விட்டு வாளை உருவவே பழகுவர்.

முடிவுரை

தேவையால் உயிர்பெற்று, செயலால் வெளிப்பட்டு, மனம் மாறும் வாய்ப்பும் உடையவரே சிறந்த ஐயமாந்தர் எனலாம். கதை புனையும் மாணவர் ஒவ்வொருவரும், தாம் படைத்தவரின் உடை, தொழில், இனம் ஆகியவற்றை மாற்றிப் பார்த்தல் வேண்டும். மாற்றிய பின்னும் ஐயம் நிலைத்தால் படைப்பு செம்மையானது. மறைந்தால், நாம் எழுதியது மாந்தரை அன்று, நம் முன்முடிவையே என்பது தெளிவாகும்.