பெயர் தெரிந்தால் போதுமா?

'பிரபலம்' என்ற சொல்லை வணிகர்களாகிய நாம் அடிக்கடி பயன்படுத்துகிறோம். அதில் இரண்டு வகை உண்டு. பலருக்குப் பெயர் தெரிந்திருப்பது ஒன்று. பலருக்கு வேண்டியதாக இருப்பது மற்றொன்று. முன்னதை விளம்பரத்தால் பெறலாம். பின்னது அன்றாடப் பயன்பாட்டால் மட்டுமே வரும்.

இதற்கு நம் கோட்டூர்புரத்திலேயே சான்று உள்ளது. அண்ணா நூற்றாண்டு நூலகம் இங்கு 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்டது. 2011 நவம்பரில் அக்கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. திறந்து 14 மாதங்கள்கூட ஆகவில்லை. அதற்குள் மாணவர்களும் வாசகர்களும் அதைத் தம்முடையதாகக் கருதத் தொடங்கியிருந்தனர். எதிர்ப்பு எழுந்தது, வழக்குத் தொடரப்பட்டது, உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் இன்றும் அங்கேயே இயங்குகிறது.

கூட்டம் கூட்டத்தை அழைக்கும் என்பது உண்மையே. நெரிசலைப் பார்த்துப் புதியவர் கடைக்குள் நுழைவார். ஆனால் அவர் மறுமுறை வருவது சரியான எடையையும் நியாயமான விலையையும் கனிவான பேச்சையும் நம்பித்தான்.

நாளை நம் கடையை மூடும் நிலை வந்தால், 'கூடாது' என்று நம் தெருவில் எத்தனை பேர் குரல் கொடுப்பார்கள்? அந்த எண்ணிக்கையே நமது உண்மையான பிரபலம்.