நுவரெலியாப் பயணம்: நடுவழியில் எங்கே இறங்கலாம்?

கேள்வி: ஏப்ரல் விடுமுறையில் வெள்ளவத்தையிலிருந்து வானில் நுவரெலியா போகிறோம். வழியில் பிள்ளைகள் விளையாட ஒரு பூங்கா உண்டா?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: உண்டு, ஆனால் நடுவழியில் இல்லை. ஹைலெவல் வீதியில் அவிசாவளைக்கு முன், ஹங்வெல்லப் பக்கம் களுஅக்கலையில் இருக்கும் லெஷர் வேர்ல்டில் இராட்டினங்களும் நீர்ச்சறுக்குகளும் உள்ளன. பிள்ளைகள் அங்கே இறங்கினால் அரை நாள் போய்விடும். பிறகு இருட்டில் மலை வளைவுகளில் ஏறவேண்டி வரும். அதைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்வதே நல்லது. புறப்படுமுன் திறக்கும் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

ஹட்டன் பாதையில் உண்மையான நடுவழி கித்துல்கல. கொழும்பிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீற்றர். பூங்கா இல்லை, களனி கங்கை இருக்கிறது. 1957இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்துக்காகப் பாலம் கட்டித் தகர்த்த இடம் இதுதான். இன்று வளர்ந்த பிள்ளைகள் இங்கே ரப்பர் படகில் சுழிகளைத் தாண்டலாம். சின்னவர்களுக்கு அது வேண்டாம். மழை பெய்து ஆறு கலங்கியிருந்தால் எவருமே இறங்கக்கூடாது. படகுக்காரர் சம்மதித்தாலும் மறுத்துவிடுங்கள்.

நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேல் உயரத்தில் இருக்கும் குளிர் ஊர். நனைந்த தலையோடு பிள்ளைகளை அங்கே கொண்டுபோகாதீர்கள். துவாயும் மாற்றுடுப்பும் கைக்கெட்டும் பையில் இருக்கட்டும்.