பன்றித் தீவனம்: கோடையில் மாவு வேண்டாம், ரவைப் பதம் போதும்

சோழவந்தான், தென்கரை, முள்ளிப்பள்ளம் பக்கம் வைகை, பெரியாற்றுத் தண்ணீர் பாயும் நெல் வயல்கள் நிறைய. நெல் விளையும் ஊரில் அரிசி ஆலை இருக்கும். ஆலை இருந்தால் தவிடும் குருணையும் கிடைக்கும். வெண்பன்றி வளர்ப்பவர், கம்பெனி மூட்டையை எதிர்பார்க்காமல் சொந்தமாகவே தீவனம் அரைத்துக்கொள்ளலாம். ஆனால் பண்ணைச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்குத்தான் போகிறது. அதனால் என்ன போடுகிறோம் என்பதோடு, எந்தப் பதத்தில் அரைக்கிறோம், எந்த நேரத்தில் போடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் இது உயிர்ப் பிரச்சினையாகவே ஆகிவிடும்.

ஏன் அரைக்க வேண்டும்?

பன்றிக்கு மாடு மாதிரி அசைபோடும் வயிறு கிடையாது. நம்மைப் போல ஒரே இரைப்பைதான். மக்காச்சோளம், கம்பு, சோளம் இவற்றை முழுசாகப் போட்டால் பாதி மென்று, பாதி விழுங்கிவிடும். மேல்தோல் உடையாத தானியத்துக்குள் செரிமான நீர் இறங்காது. அது அப்படியே சாணத்தில் வந்து விழும். தானியத்தை உடைக்க உடைக்க, செரிமான நீர் படும் பரப்பு கூடும். அதனால் நைசாக அரைத்தால் அதே எடைக்குக் கொஞ்சம் குறைந்த தீவனமே போதும். இது ஆராய்ச்சியில் உறுதியான விஷயம்.

அப்படியானால் மாவாகவே அரைக்கலாமே?

கூடாது. பன்றியின் இரைப்பையில் உணவுக்குழல் வந்து சேரும் மேல்பகுதியில் வழவழப்பான பாதுகாப்புப் படலம் இல்லை. தீவனம் கொரகொரப்பாக இருந்தால் இரைப்பைக்குள் கெட்டியாகத் தங்கும். அமிலமும் அடிப்பகுதியிலேயே நிற்கும். மாவாக இருந்தால் எல்லாம் கூழாகிக் கலந்து, அமிலம் மேலே ஏறி அந்தப் பகுதியை அரிக்கும். புண் வரும், புண்ணிலிருந்து ரத்தம் கசியும். சாணம் தார் போலக் கறுப்பாகப் போவது, தோல் வெளிறுவது, பல்லை நறநறவென்று கடிப்பது, தீவனத்தை முகர்ந்துவிட்டு ஒதுங்குவது எல்லாம் இதன் அறிகுறிகள். சில பன்றிகள் எந்த அறிகுறியும் காட்டாமல் திடீரென்று செத்துவிடும்.

வெயில் என்ன செய்கிறது?

பன்றிக்கு வியர்த்து உடம்பைக் குளிர வைக்கும் வசதி இல்லை. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். வளர்ந்த பன்றிக்கு 25 டிகிரியைத் தாண்டினாலே சிரமம். மதுரைப் பக்கம் கத்திரியில் 40 டிகிரியைத் தொடும். அப்போது உடம்பு ரத்தத்தைத் தோலுக்குத் திருப்பும், குடலுக்குப் போகும் ரத்தம் குறையும். குடலின் உள்சுவர் பலவீனமாகி, கிருமி நஞ்சு ரத்தத்தில் கலக்க வழி உண்டாகும்.

செரிமானமே சூட்டைக் கிளப்பும் வேலை என்பதால், பன்றி தானாகவே தின்பதைக் குறைத்துக்கொள்ளும். பகலெல்லாம் வெறும் வயிறு, சாயங்காலம் குளிர்ந்ததும் ஒரே மூச்சில் அவசரத் தீனி. வெறும் வயிற்றில் அமிலம் ஏறும். அதன் மேல் மாவுத் தீவனமும் சேர்ந்தால் புண்ணுக்கு இரட்டைக் காரணம்.

பதம் எப்படிப் பார்ப்பது?

600 முதல் 700 மைக்ரான் வரை நல்ல பதம் என்பார்கள். நம் கணக்கில் உப்புமா ரவை. சுத்தியல் அரவை இயந்திரத்தில் 3 மி.மீ. கண் உள்ள சல்லடை போட்டால் கிட்டத்தட்ட இது கிடைக்கும். மில்லில் மிளகாய், அரிசிமாவுக்குப் போடும் நைஸ் சல்லடையை மாற்றச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே சோதிக்கலாம். அரைத்ததில் ஒரு கிலோ எடுத்து மாவுச் சல்லடையில் சலியுங்கள். கால் கிலோவுக்கு மேல் இறங்கினால் அரவை நைஸ். அடுத்து, ஒரு கைப்பிடி சாணத்தை வாளித் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். தானியத் துண்டுகள் நிறையத் தங்கினால் அரவை பெரிசு.

கோடைக்கான நடைமுறை

• காலை 6 மணிக்குள் ஒரு வேளை, மாலை 6 மணிக்கு மேல் ஒரு வேளை. தின்ற சில மணி நேரத்துக்குள் உடல் சூடு உச்சத்துக்குப் போகும். அது உச்சி வெயிலோடு சேரக் கூடாது.

• நார் அதிகமான தீவனம் பெருங்குடலில் புளித்துச் சூட்டைக் கூட்டும். தவிட்டைக் கொஞ்சம் குறைத்து அந்த இடத்தில் குருணை சேருங்கள். அடியோடு நிறுத்த வேண்டாம். சினைப் பன்றிக்கு மலச்சிக்கல் வரும்.

• தவிட்டில் எண்ணெய் உண்டு, வெயிலில் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். வாரா வாரம் புதுசாக வாங்குங்கள். பூசணம் பிடித்த மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் வேண்டவே வேண்டாம்.

• தண்ணீர் விட்டுப் பிசைந்து போட்டால் நன்றாகத் தின்னும், தூசி பறக்காது. அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் பிசையுங்கள். மிச்சத்தை அள்ளித் தொட்டியைக் கழுவுங்கள்.

• ஒரு கிலோ தீவனத்துக்கு 2 முதல் 3 லிட்டர் தண்ணீர் சாதாரண நாள் கணக்கு. கோடையில் இன்னும் கூடும். வெயிலில் கிடக்கும் கறுப்புக் குழாயில் தண்ணீர் கொதிக்கும், பன்றி குடிக்காது. குழாயை மண்ணில் புதையுங்கள்.

• கொட்டகையைச் சுற்றி நிழல் வேண்டும். வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தி நட்டுக் கொடியைக் காப்பாற்றத் தெரிந்த ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கறுப்புச் சாணமோ, வெளிறிய தோலோ கண்டால் அன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அரவைப் பதத்தையும் அன்றே மாற்றுங்கள்.