பென்சிலுக்கு முன்னே விரலுக்கு வேலை: காரைக்கால் வீட்டுக் குறிப்புகள்

எல்.கே.ஜி. சேர்த்த சில நாளிலேயே நாலு கோடு நோட்டைக் கொடுத்து 'அ' எழுதச் சொல்கிறோம். பிள்ளை அழுதால் கையைப் பிடித்து அழுத்தி எழுத வைக்கிறோம். அந்தக் கைக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். மணிக்கட்டிலுள்ள 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு, கடைசி எலும்பின் முறை வர ஏறக்குறைய 9 வயதாகிவிடும். பொதுவாகப் பிள்ளைகள் 3 வயதில் வட்டத்தையும், 4 வயதில் கூட்டல் குறியையும், 5 வயதையொட்டி முக்கோணத்தையும் பார்த்து வரைவார்கள். 'அ'வில் சுழியும் வளைவும் நேர்கோடும் ஒன்றாக வருகின்றன. விரலுக்குப் பலம் வராமல் அது எப்படி வரும்? அந்தப் பலத்துக்கு வேண்டிய பொருள்கள் நம் ஊரில் வாசலிலேயே கிடக்கின்றன.

1. புளியங்கொட்டையைக் கழுவிக் காயவைத்து டப்பாவில் போட்டு வையுங்கள். பரணில் பல்லாங்குழி இருந்தால் இறக்குங்கள். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு ஆட்டம் வேண்டாம். 14 குழியிலும் குழிக்கு ஒன்றாகக் கொட்டை போட்டாலே போதும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து எடுக்கும் இந்தப் பிடிதான் நாளைக்குப் பென்சில் பிடி. பழகியபின் குழிக்கு ஐந்து போடச் சொன்னால் எண்ணிக்கையும் சேர்ந்து வரும். சோழி இருந்தால் கொட்டை தனி, சோழி தனி என்று பிரிக்கக் கொடுக்கலாம்.

2. குன்றிமணி, ஆமணக்கு விதை, அரளிக் கொட்டை மூன்றும் விஷம். அழகாக இருக்கிறதென்று குன்றிமணியை விளையாடக் கொடுக்கவே கூடாது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை கையில் 3 சென்டிமீட்டருக்குள் அடங்கும் எந்தப் பொருளும் வேண்டாம். வாய்க்கோ மூக்குக்கோ போய்விடும். வேர்க்கடலை உரிப்பதும் நல்ல பயிற்சிதான்; ஆனால் ஐந்து வயதுவரை முழுக்கடலை தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு. பெரியவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

3. கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற மீனவ ஊர்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலை சரிபார்க்கும் வேலை நடக்கும். பிள்ளைகளின் கோடை விடுமுறையும் அந்தக் காலத்தில்தான் வரும். கழிவாகும் வலையில் பெரிய கண்ணுள்ள துண்டாக ஒன்று கேட்டு வாங்கிச் சோப்புத் தண்ணீரில் அலசி வெயிலில் காயவையுங்கள். அதை நாற்காலி முதுகில் இழுத்துக் கட்டி, ஷூ லேஸை ஒரு கண்ணில் நுழைத்து அடுத்த கண்ணில் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கை பிடிக்க, ஒரு கை இழுக்க, கண் இரண்டையும் பின்தொடரும். இரண்டு கைக்கும் இரண்டு வேறு வேலை என்பதால் நாலு வரி எழுதுவதைவிட இது பெரிய பாடம். துளையுள்ள மிதவைகளைத் தடித்த கயிற்றில் கோப்பது இன்னும் எளிது; மூன்று வயதிலேயே தொடங்கலாம். வலைத் துண்டையும் கயிற்றையும் பிள்ளையிடம் தனியாக விட்டுப் போகாதீர்கள். கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

4. வண்டல் மண் டெல்டாக்காரர்களுக்குக் கிடைத்த சொத்து. சாக்கடை கலக்காத வயலிலிருந்து எடுத்து, கல்லும் கண்ணாடித் துண்டும் இல்லாமல் சலித்து, இரவே ஊறப் போடுங்கள். பிசைவது உள்ளங்கைக்கு, உருட்டுவது இரு கைக்கும், கிள்ளி ஒட்டுவது விரல் நுனிக்கு. என்ன பொம்மை வருகிறது என்பது முக்கியமில்லை, 'இது என்ன?' என்று துருவிக் கேட்காமல் செய்ய விடுங்கள். மண் கிடைக்காத நாளில் சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை.

5. ஆனிப் பௌர்ணமியையொட்டி காரைக்கால் அம்மையார் மாங்கனித் திருவிழா வரும். வீட்டில் மாம்பழம் குவியும். சாப்பிட்ட கொட்டையைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். காய்ந்தபின் நாரைச் சீப்பால் வாரி, கண் மூக்கு வரையச் சொன்னால் ஒரு தாத்தா தயார்.

6. பூவரச இலையை நுனியிலிருந்து இறுக்கமாகச் சுருட்டி, ஒரு முனையை லேசாக நசுக்கி ஊதினால் பீப்பி. சுருட்டும்போது விரல் நுனிகள் படும் பாடு எந்தக் கடைப் பொம்மையிலும் கிடைக்காது. இலை கிழிந்தால் இன்னொன்று; மரம் நிறைய வைத்திருக்கிறது. ஐந்து வயதுக்காரர்கள் மாவிலையை மடித்து ஈர்க்குச்சியால் குத்தித் தோரணத்துக்கு உதவலாம். ஈர்க்கு முனையில் கவனம்.

7. தாம்பாளத்தில் அரிசியோ சலித்த மணலோ மெல்லிசாகப் பரப்பி விரலால் எழுத விடுங்கள். விஜயதசமி அன்று நெல்லில் எழுதவைத்துவிட்டு மறுநாளே அதை மறந்துபோகிறோம். வருடம் முழுக்கச் செய்ய வேண்டிய காரியம் அது. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியின் முறையிலும், சொரசொரப்பான எழுத்தை விரலால் தடவி அறிந்த பிறகுதான் எழுதுவது. முதலில் நேர்கோட்டு எழுத்துகளான ட, ப, பிறகு ம. 'அ' கடைசியில் வரட்டும். கோலமாவைக் கிள்ளிப் புள்ளி வைப்பதும் இதே வகைதான். கோணலாக வந்தாலும் அழிக்காதீர்கள்.

8. அன்றாட வேலைகள்: கொடியில் துணி கிளிப் மாட்டுவது, பூண்டு உரிப்பது, தை மாதத்தில் பனங்கிழங்கு நார் உரிப்பது, சொந்தச் சட்டைக்குப் பட்டன் போடுவது. பள்ளிக்கு நேரமாகிறதென்று நாமே பட்டனைப் போட்டுவிடுகிறோம். பத்து நிமிடம் முன்னால் எழுப்புங்கள்.

9. கடற்கரைக்குப் போனால் ஈர மணலைத் தோண்டவும் பிழியவும் விடுங்கள். கிளிஞ்சலை வடிவம் பார்த்துப் பிரிக்கச் சொல்லலாம். அரசலாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் இழுப்பு இருக்கும். அந்தப் பக்கம் வேண்டாம்.

10. ஒரு வேலைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். சலிப்பு வந்தால் எடுத்து வைத்துவிடுங்கள். இடது கையால் செய்யும் பிள்ளையை மாற்ற முயலாதீர்கள். ஆனால் ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மறு கையைத் தவிர்த்தாலோ, நான்கு வயதாகியும் ஸ்பூன் பிடிக்கத் திணறினாலோ, 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.