ஒழுகும் இடம் எது?

நாமக்கல்லிலிருந்து 44ஆம் தேசிய நெடுஞ்சாலை வழியே வடக்கு நோக்கிச் சென்ற லாரி ஒன்றில் கூலண்ட் நாள்தோறும் குறைந்துவந்தது. ஈரமாயிருந்த ரப்பர் குழாயை இருமுறை மாற்றியும் கசிவு நிற்கவில்லை. கூலண்ட் வற்றினால் எஞ்சின் அளவு மீறிச் சூடேறிப் பாழாகிவிடும்.

நாக்பூரில் ஒரு மெக்கானிக் லாரியை இரவு முழுவதும் நிறுத்திவைத்தார். சூடான எஞ்சினில் கசியும் துளி உடனே ஆவியாகிவிடும். சூட்டில் விரியும் உலோகம் சில இணைப்புகளை இறுக்கியும்விடும். எனவே ஆறிய எஞ்சினிலேயே கசிவைத் தேட வேண்டும். மேலும், சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும்.

விடிந்ததும் மூடியைக் கழற்றி, அவ்விடத்தில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் குறித்திருந்த அளவுக்கு அழுத்தம் கொடுத்தார். அழுத்தமானியின் முள் மெல்ல இறங்கியது. எஞ்சினின் முன்புறமுள்ள தண்ணீர்ப் பம்பின் அடியில், ஒரு சிறு துளையிலிருந்து நீர் சொட்டியது. அத்துளை பழுதன்று, உள்ளே இருக்கும் சீல் தேய்ந்ததை அறிவிக்கவே அது வைக்கப்பட்டுள்ளது. அதை அடைத்தால் நீர் பேரிங்கினுள் புகும். விசிறிக் காற்றில் சிதறிய நீர் குழாயை நனைத்திருந்தது. பாவம், குழாய்க்கு வீண்பழி!

பம்பை மாற்றிய பின் மீண்டும் அழுத்தம் கொடுத்தார். முள் அசையவில்லை.

வினா: குழாயை இருமுறை மாற்றியும் கசிவு நிற்காதது ஏன்?