கலகமா, சண்டையா? கம்மந்தான் கான் சாகிபின் முடிவு

வரலாற்று மாந்தர்க்கு மக்கள் வழங்கும் பெயர்களும், அவர்தம் செயல்களுக்குச் சூட்டும் சொற்களும் ஆராயத்தக்கன. ஒரு சொல்லுக்குள்ளேயே ஒரு தீர்ப்பு அடங்கிவிடுவதுண்டு. மதுரையை ஆண்டு, அம்மதுரையின் எல்லையிலேயே 1764-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டவர் முகம்மது யூசுப் கான். அவரைப் பற்றி ஆங்கிலத்தில் விரிவான நூல் எழுதிய எஸ். சி. ஹில், 1914-இல் வெளிவந்த அந்நூலின் தலைப்பிலேயே அவரைக் 'கலகக்காரத் தளபதி' என்று குறித்துவிட்டார். அதே மனிதரைப் பற்றி நம் நாட்டுப்புறத்தார் பாடிய கதைப்பாடலின் பெயரோ 'கான்சாகிபு சண்டை'. பேராசிரியர் நா. வானமாமலை இதனைப் பதிப்பிக்க, அன்றைய மதுரைப் பல்கலைக்கழகம் 1972-இல் வெளியிட்டது.

கலகம் என்பது பணியாளன் தன் தலைவனுக்கு எதிராகச் செய்வது. சண்டை என்பது நிகரான இருவர்க்கிடையே நிகழ்வது. ஏடறியாத பாடகன் தேர்ந்த சொல்லுக்கும் ஏடு பல புரட்டிய அறிஞர் தேர்ந்த சொல்லுக்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று. எச்சொல் பொருந்தும் என்பதை அவர்தம் வாழ்வையும் முடிவையும் கொண்டு ஈண்டுக் காண்போம்.

இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த பனையூரில், மருதநாயகம் என்னும் பெயருடன் வேளாளர் குடியில் பிறந்து, பின்னர் இசுலாத்தைத் தழுவியவர் என்பது அவரைப் பற்றி வழங்கும் மரபுச் செய்தி. திருச்சிராப்பள்ளி முற்றுகைக் காலத்தில் கும்பினிப் படையில் பணியாற்றி, கிளைவும் ஸ்டிரிஞ்சர் லாரன்சும் மெச்சும் அளவுக்கு உயர்ந்தார். சிப்பாய்கள் அனைவர்க்கும் தலைவரானார். 'கமாண்டன்ட்' என்ற அயற்சொல்லைத் தமிழ் நா 'கம்மந்தான்' எனத் திரித்துக்கொண்டது. 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, கோட்டைக்கு வெளியே நின்று பிரெஞ்சுப் படையை ஓயாது அலைக்கழித்தவர் இவரே. கும்பினி பிழைத்ததில் இவர் பங்கு பெரிது.

அதன் பயனாக 1759-இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் குத்தகைக்குப் பெற்றார். இவ்விடத்தில் நாம் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. இவரை விடுதலை வீரர் வரிசையில் வைத்துப் பேசுவோர் பலர், 1761-இல் பூலித்தேவரின் கோட்டைகளை வீழ்த்தியவர் இவரே என்பதை விரைந்து கடந்துவிடுகின்றனர். நெற்கட்டும்செவலின் மண்கோட்டையைத் தகர்த்த பீரங்கி கும்பினியின் பீரங்கி. அதனை இயக்குவித்த ஆணை யூசுப் கானின் ஆணை. அவர் நம் சமுதாயத்தைச் சார்ந்தவர் என்பதற்காக இதனைக் குறைத்துச் சொல்வது ஆய்வாகாது. பூலித்தேவரைப் போற்றுவதற்காக இவரை வெறும் கூலிப்படைத் தலைவர் என ஒதுக்குவதும் அத்தகையதே.

ஏனெனில் மதுரையில் அவர் நடத்திய ஆட்சி வேறொரு முகத்தைக் காட்டுகின்றது. கொள்ளையை அடக்கினார், கோட்டைகளைப் பழுது பார்த்தார், கண்மாய்களைச் செப்பனிட்டார். மீனாட்சியம்மன் கோயிலினின்று பறிக்கப்பட்டிருந்த மானிய நிலங்களை மீண்டும் கோயிலுக்கே அளித்தார். கும்பினியின் ஏவலர் ஒருவர்க்கு இவ்வளவு கவலை தேவையில்லை. குத்தகைக்காரராக வந்தவர் சில ஆண்டுகளில் இம்மண்ணுக்குரிய ஆட்சியாளராக மாறிவிட்டார் என்றே நாம் கருதுகின்றோம்.

இம்மாற்றத்தை முதலில் உணர்ந்தவர் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி. ஆண்டுக்கு 7 இலட்சம் தருவதாக யூசுப் கான் முன்வந்தும் அது ஏற்கப்படவில்லை. கும்பினியும், அவர் நவாபின் பணியாளரே, நவாபுக்கு அடங்கி நடத்தல் வேண்டும் என்றது. தம் வாளால் காத்தவர்களே தம்மைப் பிறர் காலடியில் தள்ளியதை அவர் ஏற்கவில்லை. 1763-இல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். காலக்கணக்கில் இது பிழைபட்ட முடிவு. புதுச்சேரி 1761 ஜனவரியிலேயே வீழ்ந்திருந்தது; 1763 பிப்ரவரியில் பாரிசு உடன்படிக்கையால் இரு ஐரோப்பிய வல்லரசுகளும் சமாதானமாகிவிட்டன. மார்சான் என்னும் தலைவனின் கீழ் இருந்த சில பிரெஞ்சு வீரர்களைத் தவிர அவர் எதிர்பார்க்கத்தக்க துணை எதுவும் இல்லை.

எனினும் கோட்டை எளிதில் விழவில்லை. 1763-இல் நடந்த முதல் முற்றுகை மழைக்காலம் வந்ததும் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு மேஜர் சார்லஸ் காம்பெல் பெரும்படையுடன் வந்தார். 1764 ஜூன் 26 அன்று நடந்த நேரடித் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. மேஜர் பிரஸ்டன் அதில் படுகாயமுற்று மாண்டார். வாளால் முடியாததைப் பசியால் முடிக்க எண்ணி, கோட்டைக்குள் உணவு செல்லும் வழிகளை அடைத்தனர். இன்று பெரியார் பேருந்து நிலையத்தருகே எஞ்சி நிற்கும் மேற்குக் கோட்டை வாசலைக் கடந்து செல்வோருள், அக்கற்களுக்குள் ஒரு நகரமே பசியில் வாடியதை நினைப்பவர் எத்தனை பேர்?

அக்டோபர் 13 அன்று முடிவு வந்தது. அதுவும் பகைவர் கையால் வரவில்லை. தொழுகையில் இருந்தபோது திவான் சீனிவாசராவும், மருத்துவர் பாபா சாகிபும், மார்சானும் சூழ்ந்து அவரைப் பிடித்து, அவர்தம் தலைப்பாகையாலேயே பிணித்தனர் என்பர். இரண்டே நாட்களில், முறையான விசாரணை எதுவுமின்றி, நவாபின் ஆணைப்படி மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தருகே தூக்கிலிட்டனர். எத்தனையோ முற்றுகைகளில் பிழைத்தவர் போர்க்களத்தில் மடியவில்லை என்பதே மக்களை அதிர வைத்தது.

இக்காட்டிக்கொடுப்பை மதப் பகையாகத் திரித்துப் பேசுவாரும் உளர். பிடித்தவர் மூவருள் ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் பிரெஞ்சுக்காரர். தூக்கிலிட ஆணையிட்டவரும் தொழுகையாளியே. பசியும், அச்சமும், தன்னுயிர் காக்கும் ஆசையும் அங்கே சாதி சமயம் கேட்கவில்லை. கான் சாகிபின் துணைவி மாசா விரைவில் இறந்தார் என்றும், அவர்தம் சிறு மகன் ஆழ்வார்திருநகரியில் இசுலாமிய நெறி வழுவாமல் வளர்க்கப்பட்டான் என்றும் செவிவழிச் செய்தி உண்டு. அப்பெரும் வைணவத் தலத்தில் அப்பிள்ளை வளர்ந்தான் என்பதை, மதப்பகை பேசுவோர் எண்ணிப் பார்த்தல் நலம்.

தூக்குக் கயிறு இருமுறை அறுந்தது என்றும், அவர் உடலில் இருந்த தாயத்தைக் களைந்த பின்னரே மூன்றாம் முறை உயிர் பிரிந்தது என்றும் கூறுவர். மாண்டபின்னும் எழுந்து வருவார் என அஞ்சி உடலைத் துண்டித்து, தலையைத் திருச்சிக்கும், ஏனைய உறுப்புகளைத் தஞ்சை, பாளையங்கோட்டை முதலிய ஊர்களுக்கும் அனுப்பினர் என்பதும் அவ்வழக்கின் தொடர்ச்சி. கயிறு அறுந்ததா என்று வரலாற்று மாணவர் வினவட்டும். மக்கள் ஏன் அவ்வாறு சொன்னார்கள் என்று வினவுவது இலக்கிய மாணவர் கடன். மதுரை மண்ணுக்கு இத்தகைய சாவு புதிதன்று. தேரா மன்னனின் ஆணையால் கோவலன் வெட்டுண்ட ஊர் இது. மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரன் பின்னர்த் தெய்வமாக நின்றதும் இவ்வூரிலேதான். அரசாணையால் அறமின்றி மாண்டவனை மக்கள் சாகவிடுவதில்லை. கோவலனுக்குக் காப்பியமும் வீரனுக்குக் கோயிலும் கிடைத்தன. கான் சாகிபுக்குக் கதைப்பாடலும் அடக்கத்தலமும் கிடைத்தன. அவரை 'ஷஹீது' எனலாமா என்பது உலமாக்கள் முடிவு செய்ய வேண்டியது. நாம் அதனுள் புகவில்லை.

கலகம் என்ற சொல் பொருந்துமாயின், அவர்க்கு மேல் ஒரு முறையான தலைமை இருந்திருத்தல் வேண்டும். வரி தண்டும் உரிமையைக் குத்தகைக்கு விட்ட நவாபே கும்பினியின் கடனில் மூழ்கியிருந்த காலம் அது. மேலிருந்தவர் யார், கீழிருந்தவர் யார் என்று அறுதியிட முடியாத அக்காலத்தில் பாடகன் சொன்ன 'சண்டை' என்ற சொல்லே நடுநிலையானது. அச்சொல் அவரை வீரர் எனப் புகழவுமில்லை, துரோகி என இகழவுமில்லை.

1997 அக்டோபரில் 'மருதநாயகம்' திரைப்படத்தின் தொடக்க விழாவுக்கு இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத் சென்னைக்கு வந்தார். கும்பினியை எதிர்த்து மாண்டவரின் படத்திற்கு அந்நாட்டு அரசியே வந்தது காலத்தின் விளையாட்டு. அப்படம் முற்றுப்பெறவில்லை. ஊர்ப்பெயர்களோ எவர் உதவியுமின்றி நிலைத்துள்ளன. 'சாகிபு' தேய்ந்து 'சா' ஆகி, மதுரையில் கான்சா மேட்டுத் தெருவாகவும், வத்திராயிருப்பை அடுத்துக் கான்சாபுரமாகவும் வழங்குகின்றது. சம்மட்டிபுரத்தில் அவர் உடல் அடங்கிய இடத்தின் மேல் 1808-இல் எழுப்பப்பட்ட சிறு பள்ளிவாசல், காளவாசலுக்கு அப்பால் தேனிச் சாலையை ஒட்டி இன்றும் உள்ளது. கான் சாகிபு பள்ளிவாசல் என்பதே அதன் பெயர்.